தூத்துக்குடியில் ஒரு சேற்றுக்குளத்தைப் போர்த்தினோம்

தூத்துக்குடிக்குள் நுழையும்போது சாலையோரத்தில் வெள்ளைக் குன்றுகள் தெரிந்தன. மலேசியாவில் எங்கள் பேராக் மாநிலத்தில் சுண்ணாம்புக் குன்றுகள் நிறைய. அதுபோல ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒரு குன்றின் உச்சியில் ஒருவர் நின்று பனையோலையால் அதை மூடிக்கொண்டிருந்தார். என்ன அது என்று ஆட்டோக்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவரே கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உப்பு அண்ணாச்சி. மழைக்கு முந்தி மூடணும்லா."

எங்கள் நாட்டில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருமே பேச்சின் கடைசியில் ஒரு 'லா' போடுவோம். இது வேறு லா, 'அல்லவா' தேய்ந்த லா என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனாலும் அந்த நேரத்தில் அதைக் கேட்டதும் விமானத்தில் ஏறியதிலிருந்து விறைத்திருந்த தோள் கொஞ்சம் இறங்கியது.

அடுத்த திருப்பத்தில் ஆட்டோ நின்றது. எல்லா வண்டிகளும் நின்றன. துறைமுகத்துக்குப் போகும் ஒரு நீண்ட லாரி. அதன்மேல் ஒரே ஓர் இறக்கை. காற்றாலையின் இறக்கை. லாரியின் தலை திரும்பி முடித்திருந்தது, இறக்கையின் வாலோ இன்னும் ஒரு டீக்கடையின் கூரைக்கு மேல் நின்றது. அவ்வளவு பெரிய பொருளை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு வெளியே வந்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஏலே, என் போர்டுல இடிச்சிராத" என்று வழி சொன்னார். வண்டிகளில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி ஆளுக்கொரு யோசனை கொடுத்தார்கள். எங்கள் ஊரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்போம். இங்கே தெருவே சேர்ந்து அந்த லாரியை ஓட்டியது. போர்டுக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். கடந்து போனதும், கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் வந்த காரியத்தைச் சொல்லவேண்டும். நான் தையல்காரன். நான் தைத்த துணியை இதுவரை யாரும் உடுத்தியதில்லை. சேற்றின்மேல் விரிக்கிற துணி அது, ஜியோ டெக்ஸ்டைல் என்பார்கள். சாக்கு மாதிரி நெய்ததுதான், இழை பிளாஸ்டிக். எங்கள் பக்கத்தில் பழைய ஈய லம்பங்கள், அதாவது சுரங்கக் குழிகள், உண்டு. மண்ணை அலசி ஈயம் எடுத்துவிட்டுப் போன குட்டைகளில் மிஞ்சிய சேறு மனிதனைத் தாங்காது. அதன்மேல் இந்தத் துணியை விரித்து, மணலைப் பரப்பி, இன்று அதன்மேல் வீடுகளே நிற்கின்றன. எத்தனை மணல், எவ்வளவு கனமான துணி என்கிற கணக்கெல்லாம் எஞ்சினியர்களுடையது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு இரண்டு துணியைச் சேர்த்துத் தைப்பது மட்டும் வேலை. தூத்துக்குடியில் மூடிக்கிடக்கும் ஒரு பழைய ரசாயன ஆலையின் கழிவுக்குளத்தைப் போர்த்த எங்களிடம் துணி வாங்கியவர்கள், தைக்க ஓர் ஆளும் வேண்டும், தமிழ் தெரிந்தால் நல்லது என்று கேட்டிருந்தார்கள். எங்கள் சீன முதலாளி சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டினார்.

மறுநாள் காலையில் குளத்தைப் பார்த்தேன்.

வேலையின் பொறுப்பு செல்வின் என்ற எஞ்சினியரிடம் இருந்தது. பக்கத்திலுள்ள நாசரேத் ஊர்க்காரர். ஹெல்மெட்டுக்குள் ஈரக் கைக்குட்டையை விரித்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசுகிறவர். என்னைக் கரைமேல் ஏற்றி நிறுத்தி, ஒரு கல்லை எடுத்து உள்ளே வீசினார். இரண்டு பந்துத் திடல் அளவுக்கு, சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில், குளம் அசையாமல் கிடந்தது. கல் விழுந்த சத்தம் வரவில்லை. மேலே காய்ந்திருந்த மெல்லிய பொருக்கை உடைத்துக்கொண்டு பாதி இறங்கி நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதியும் போனது. போன இடம் உதடு மூடுவதுபோல மூடிக்கொண்டது.

"எவ்வளவு ஆழம்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் செல்வின். "கேட்டா தூக்கம் போயிரும்."

நான் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகள் எத்தனையோ சேற்றைப் பார்த்தவன்தான். ஆனால் எங்கள் ஊர்ச் சேற்றில் புல்லாவது ஓரத்தில் முளைத்திருக்கும். இங்கே ஒன்றுமில்லை. அதன் அமைதியைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியது.

திரும்பிக் கரையின் கிழக்குப் பக்கம் பார்த்தால் வேறு உலகம். சதுரம் சதுரமாக உப்புப் பாத்திகள், சிலது வெள்ளை, சிலது இளஞ்சிவப்பு, அதற்கப்பால் துறைமுகத்தின் கிரேன்கள், அதற்கப்பால் கடல். கரையின் காலடியிலேயே இருந்த பாத்தியில் ஓர் அம்மா வாருபலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கும். முட்டிவரை வெள்ளை. அவர்தான் பேச்சியக்கா.

"எந்த ஊரு தம்பி?"

"மலேசியா."

"அது இருக்கட்டும். பூர்வீகம்?"

தெரியாது என்று சொன்னேன். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"தெரியாதா? மூக்கப் பாத்தா ஓட்டப்பிடாரம் பக்கம் மாதிரி இருக்கு. பொண்ணு குடுத்தவங்க யாராவது தேடிட்டு இருக்கப்போறாவ, பாத்துக்கிடுங்க."

செல்வின் சிரித்தார். பிறகு பேச்சியக்கா வாருபலகையைச் சாய்த்துவிட்டுக் கரையைத் தொட்டுக் காட்டினார். போன வருட மழையில் குளத்து மேல்நீர் அந்த இடத்தில் வழிந்து அவர் பாத்திக்குள் இறங்கியதாம். அதன்பிறகு விளைந்த உப்பில் ஒரு கருநிறம். வாங்க வந்த வியாபாரி கைநிறைய அள்ளி, பார்த்து, விரலிடுக்கில் விட்டுவிட்டுப் போய்விட்டாராம். பாத்தி அவருக்குச் சொந்தமில்லை, உப்பளத்து முதலாளியிடம் எடுத்த குத்தகை.

"இந்த மழைக்கும் கரிய தண்ணி இறங்குச்சுன்னா, பாத்தியில மண்ணடிச்சு மேவி லாரி நிறுத்த விட்டுருவேன்னு அளத்துக்காரர் சொல்லிட்டாரு. ஹார்பர் லாரிக்கு இடம் கேட்டு ஆளுக வரிசையில நிக்காவ. எனக்கு வேற வேலை தெரியாது தம்பி. நீங்க கொண்டாந்த துணி தாங்குமா?"

நான் தலையை ஆட்டினேன்.

"இப்படி ஆட்டுனா ஆமான்னா, இல்லன்னா?"

அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

அடுத்து வந்த நாட்களில் கரைமேல் உட்கார்ந்து தைத்தேன். சுருள் சுருளாக வந்த துணியை நீளவாக்கில் விரித்து, இரண்டு விளிம்புகளையும் கை கூப்புவதுபோலச் சேர்த்து நிறுத்தி, அந்தக் கூப்பிய விளிம்பில் இரட்டைத் தையல் போடவேண்டும். கையில் தூக்கிப் பிடிக்கிற இயந்திரம். தைக்கத் தைக்கத் துணியை விசிறிமடிப்பாகக் கரைநெடுக அடுக்கிக்கொண்டே போனோம். பேச்சியக்கா ஒருநாள் மேலே ஏறி வந்து பார்த்தார்.

"இது நம்ம உப்பு மூட்டை வாய் தைக்கிற மிஷின்லா?"

"அதோட அண்ணன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் திரும்பிக்கொண்டேன். ஆனால் அன்று முழுக்கத் தையல் நேராகப் போனது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியாது. மாலையில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு புரோட்டாக் கடைக்குப் போவேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய் இதற்குத் தம்பி முறை. நாங்கள் அதைப் பருப்புக் கறியில் தொட்டுக்கொள்வோம். இங்கே பிய்த்துப் போட்டுச் சால்னாவில் முங்கவிடுகிறார்கள். முதல்நாள் நான் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவதைப் பார்த்த பரிமாறுகிறவர் பொறுக்கமுடியாமல் வாளியோடு வந்து, "அதுக்கு வலிக்காது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு இலைமேல் ஊற்றினார். மக்ரூன் என்று முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்து ஓர் இனிப்பு. வாயில் வைத்தால் கடிக்க ஒன்றுமே இல்லை, காற்று. இவ்வளவு வெயிலும் உப்பும் உள்ள ஊரில் அப்படி ஒன்றை முதலில் செய்து பார்த்தவர் யாரோ.

துணியை இழுக்க ஆட்கள் வந்தார்கள். இயந்திரத்தால் இழுத்தால் எங்கே சிக்குகிறது என்று தெரியாது, கிழித்துவிடும். கையால் இழுத்தால் கயிற்றிலேயே தெரியும். அதனால் செல்வின் கடற்கரையில் போய், கரைவலை இழுக்கிற ஒரு கூட்டத்தையே அழைத்து வந்திருந்தார். கரைவலையில் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு கயிற்று முனைகளையும் இரண்டு அணிகள் கரையில் நின்று இழுக்கும். கூட்டத்துக்குத் தலைவர் சூசையண்ணன். குரல் கடல்வரை கேட்கும். முதல்நாளே என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். மாதா படத்துக்குக் கீழே கூச்சத்தோடு நான் நிற்க, அவர் மனைவி உள்ளிருந்து, "குசினிக்கே வாங்க அண்ணாச்சி, இங்கனதான் காத்து வருது" என்றார். நான் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் அடுப்படிக்குக் குசினி என்றுதான் பெயர். அது எங்கள் ஊரில் மட்டும் உள்ள சொல் என்று ஐம்பது வயதுவரை நினைத்திருந்தேன். சீலா மீன் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று முறை வாங்கியதில் அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

துணி விரிக்கும் நாள் வந்தது. காற்று மாறியிருந்தது. "கச்சான் நின்னுட்டு, வாடை தொட்டுட்டு" என்றார் சூசையண்ணன். மேல்காற்று ஓய்ந்து வடகாற்று வந்தால் பின்னாலேயே மழை என்பது எனக்கும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. கடலுக்கு மேல் மேகம் அடுக்கடுக்காக நின்றது. பேச்சியக்கா அன்று பாத்தியில் இறங்கவில்லை, கரைமேல் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கிழக்குக் கரையில் துணி அடுக்கு. அதன் முன்விளிம்பின் இரண்டு மூலைகளிலும் கட்டிய கயிறுகள் குளத்தைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போயின. அங்கே இரண்டு அணிகள், நடுவே நல்ல இடைவெளி விட்டு. செல்வின் அவர்களிடம் சொன்னது ஒன்றுதான்: "நீங்க கரைவலை இழுப்பீங்கல்ல, அதே மாதிரி, பதமா இழுங்க."

இழுத்தார்கள். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் பதில் கொடுக்க, துணி கரையிலிருந்து இறங்கி சேற்றின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. கரையில் நான் பார்த்தது கனமான கறுப்புத் துணி. குளத்தின்மேல் அதுவே மெதுவாகப் பரவுகிற நிழல்மாதிரி ஆகிவிட்டது. மேகம் ஒன்று மேலே போவதும் துணி கீழே போவதும் ஒரே வேகம். எத்தனை முறை விரித்திருந்தாலும் அந்த முதல் விரிப்பில் எனக்கு மூச்சு நின்றுவிடும். மேற்கே இழுக்கிறவர்களும் அதைப் பார்த்தபடியே இழுத்தார்கள். மீன் இல்லாமல் இவ்வளவு அழகாக ஒன்றை அவர்கள் இழுத்திருக்கமாட்டார்கள்.

பாதி தாண்டியபோது எனக்குத்தான் முதலில் ஏதோ தப்பாகத் தெரிந்தது. துணியின் முன்விளிம்பு நேராக வரவில்லை. நடுவில் தொய்ந்து, இரண்டு மூலைகளும் ஒன்றையொன்று நெருங்கின. எதிர்க்கரையைப் பார்த்தேன். இரண்டு அணிகளும் இழுத்தபடியே ஒருவரையொருவர் நோக்கி நடந்துகொண்டிருந்தன.

பக்கத்தில் இருந்த செல்வினின் கையைப் பிடித்து ஆட்டினேன். அவர் பார்த்து விசில் அடிப்பதற்குள், தொய்ந்த நடுத்துணி சேற்றை வாரி எடுத்துப் பைபோல் உப்பியது. அதன்பின் அந்தச் சத்தம். ஒவ்வொரு நூலாகத் தெறிக்கிற சத்தம். என் தையல்.

எல்லோரும் நின்றார்கள். சூசையண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு, சில ஆட்களோடு கரையைச் சுற்றி எங்களிடம் வந்தார்.

"மடி விழுந்துட்டு சார். வலை கரைக்கு வாரப்ப ரெண்டு பக்கமும் கிட்ட கிட்ட வரணும், அப்பத்தான் மீனு மடிக்குள்ள விழும். பொறந்ததுல இருந்து காலு அப்படியே போயிப் பழகிட்டு. எவனும் நினைச்சுச் செய்யல."

அவருடைய ஆட்கள் தலைகுனிந்து நின்றார்கள். ஒருவர் மட்டும், "மீனு விழுந்திருக்கா பாருங்க அண்ணே" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"நான்தானே சொன்னேன், வலை மாதிரி இழுங்கன்னு" என்றார் செல்வின். "அப்படியே இழுத்துட்டாங்க. தப்பு என் வாயில."

கயிறுகளைத் தளர்த்தி, அணிகள் பழைய இடத்துக்குத் திரும்பியதும், உள்ளே விழுந்த சேறு மெல்ல வழிந்து துணி மறுபடி சமமானது. ஆனால் நடுக்குளத்தில் ஆள் நீளத்துக்குத் தையல் வாய்பிளந்து கிடந்தது. அப்படியே இழுத்தால் கடைசிவரை பிரியும். பின்னால் இழுக்கவும் முடியாது. சேறு அப்பிய துணியை யானை கட்டினாலும் இழுக்கமுடியாது. துறைமுகத்திலிருந்து மிதவை கொண்டுவந்து அதன்மேல் நின்று தைக்கலாம் என்றார் செல்வின். எப்போது கிடைக்கும்? அது அவருக்கே தெரியவில்லை. பேச்சியக்கா மேகத்தைப் பார்த்தார், பிறகு கரையின் காலடியில் கிடந்த தன் பாத்தியைப் பார்த்தார்.

"நான் போறேன்" என்றேன். "துணி தாங்கும். பலகை போட்டுப் போகலாம்."

எங்கள் லம்பத்தில் அப்படிப் போயிருக்கிறேன். ஆனால் அங்கே ஆழம் தெரியும்.

லைஃப் ஜாக்கெட், இடுப்பு வார், நீளமான கயிறு எல்லாம் இருந்தால்தான் என்றார் செல்வின். எல்லாம் வந்தது. சூசையண்ணன் கயிற்றின் ஒரு முனையை என் இடுப்பு வாரில் முடிந்தார். மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இத யாரு பிடிக்கது?"

"நீங்கதான், வேற யாரு?" என்றார் செல்வின்.

"அப்படி ஆரும் பிடிக்கக் கூடாது சார். எங்கள்ல ஒரு முறை உண்டு. முத்துக் குளிக்கையில, சங்கு குளிக்கையில, உள்ள இறங்குதவன் கயிற மச்சான்தான் பிடிப்பான். பொண்டாட்டி கூடப்பொறந்தவன்."

"ஏன்?"

"அவன் விட்டான்னா யாரு தாலி போவும்? அவன் தங்கச்சி தாலிலா. அதனால விடமாட்டான். சொந்த அண்ணன்கூட வேண்டாம். பங்கு மிச்சம்னு விட்டாலும் விட்டுருவான்." என்னைப் பார்த்தார். "அண்ணாச்சிக்கு மச்சான் உண்டா?"

"ரெண்டு பேர். ஈப்போவில்."

"அங்கன இருந்து கயிறு எட்டாதே."

இப்போது சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பேச்சியக்கா எழுந்து வந்து சூசையண்ணன் முன்னால் கையை நீட்டினார்.

"இங்க குடு."

"உங்களுக்கு இவரு என்ன முறை?"

"முறையா? போனா ஆருக்கு நட்டமோ அவன் கையில கயிறு. அதானே நீ சொன்ன முறை? இந்தத் தம்பி உள்ள விழுந்தா இன்னைக்குத் தையல் கிடையாது. தையல் இல்லன்னா துணி இல்ல. துணி இல்லாம மழை வந்தா மண்ணடிக்கப்போறது என் பாத்தியில. நான் விடுவேனாலே?"

சூசையண்ணன் கயிற்றைக் கொடுத்தார். "முறை சரியாத்தான் இருக்கு" என்றார்.

செல்வின் தன் பங்குக்குக் கயிற்றின் வாலை ஓர் இரும்புத் தூணில் கட்டவைத்து, அக்காவுக்குப் பின்னால் இரண்டு ஆட்களையும் நிறுத்தினார். "பாதுகாப்பு ஆளுன்னு உங்க பேர எழுத முடியாதும்மா" என்றார்.

"எழுதாதீய. பிடிக்க விட்டாப் போதும்."

நான் துணிமேல் காலை வைத்தேன்.

அந்த நடையை எப்படிச் சொல்வது. துணி ஒரு முறை அமிழ்ந்து, பின் என்னை ஏந்திக்கொண்டது. ஒவ்வொரு அடிக்கும் எனக்கு முன்னால் ஓர் அலை கிளம்பி, கருந்துணிக்குக் கீழே மெதுவாக ஓடி, தூரத்தில் அடங்கியது. குளம் முழுக்க ஒரே உடம்பு. நான் அதன் தோல்மேல் நடந்தேன். பலகையை முன்னே தள்ளுவேன், அதன்மேல் ஊர்வேன், மறு பலகையைத் தள்ளுவேன். நடுவுக்குப் போனதும் கரையில் நின்றவர்கள் சிறுத்துவிட்டார்கள். பேச்சுச் சத்தமும் இல்லை. காலுக்குக் கீழே எவ்வளவு என்று நான் கேட்காமல் இருந்தது நல்லதாயிற்று.

பிளந்த இடத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு முழங்கையை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் துணியின் இழைகளுக்குள்ளிருந்து நீர் ஊறி வந்தது. தெளிந்த நீர். சேறு கீழேயே நிற்கிறது, நீரை மட்டும் துணி மேலே விடுகிறது. இத்தனை காலம் தைத்த துணிதான். அது செய்கிற வேலையை இவ்வளவு கிட்டத்தில் முகம் வைத்துப் பார்த்ததில்லை. எத்தனையோ ஆண்டுகளாக இந்தச் சேற்றுக்குள் அடைபட்டுக் கிடந்த நீர், என் முழங்கை அழுத்தியதும் வெளியே வருகிறது. நான் தைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கவேண்டும். இடுப்பில் கயிறு ஒரு வெட்டு வெட்டியது.

"தம்பீ," கரையிலிருந்து குரல் வந்தது. "தூங்குதியளா? மேகம் தூங்கல."

விளிம்புகளைத் துடைத்து, கூப்பி, பழைய தையலுக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் எடுத்துத் தைத்தேன். இரட்டைத் தையலுக்கு மேல் இன்னொரு வரிசையும் போட்டேன். கயிறு ஒரு நொடிகூடத் தொய்யவில்லை, இழுக்கவும் இல்லை. நான் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. திரும்பிக் கரை ஏறியதும் பேச்சியக்காவின் கையைப் பார்த்தேன். உப்பு வெடிப்புகளுக்குள் கயிறு பதிந்து சிவந்திருந்தது. அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "கனம் ஒண்ணுமில்ல, எலும்புதான் இருக்கு ஒங்ககிட்ட" என்றார்.

இரண்டாம் முறை இழுப்பதற்கு முன் சூசையண்ணன் இரண்டு அணிகளின் உள்பக்கத்திலும், நடுவை நோக்கி நகராதபடி, தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டார். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருவரை நிற்கவைத்து, தாண்டுகிற காலை மிதிக்கச் சொன்னார். இரண்டு மூன்று கால்கள் மிதி வாங்கின. துணி நேராக வந்து மேற்குக் கரையைத் தொட்டபோது எவரும் கைதட்டவில்லை. கயிற்றை விடாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இனி அந்த நீலச்சாம்பல் நிறம் எங்கும் இல்லை.

விளிம்புகளைக் கரையில் பள்ளம் வெட்டிப் புதைத்துவிட்டு மணலைத் தொடங்கினோம். மணலை ஒரே இடத்தில் குவித்தால் சேறு இன்னோர் இடத்தில் எழும்பித் துணியைக் கிழிக்கும். கனம் குறைந்த சிறிய இயந்திரத்தை வைத்து, சாண் உயரத்துக்கு மட்டும், எல்லாப் பக்கமிருந்தும் மெல்ல மெல்லப் பரப்பவேண்டும். மணல் நடுவை நெருங்கிய நாளில், நான் தைத்த இடத்துக்குப் பக்கத்தில் துணி மேடாக எழுந்தது. பசுவின் வயிற்றுக்குள் கன்று புரள்வதுபோல அந்த மேடு இடம்மாறியது. செல்வின் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். பேச்சியக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். மேடு தையலுக்கு அடியில் வந்தது. கூப்பிய விளிம்பு விறைத்து நிமிர்ந்தது. நின்றது. தைத்தது பிடித்துக்கொண்டது. மேடு மெல்லத் தணிந்து, தணிந்த இடத்தில் தண்ணீர் ஊறிற்று.

நான் மூச்சு விட்டேன். அவரும் விட்டார். அதன்பின் அவர் இறங்கிப் போய்விட்டார்.

மணலுக்கு மேல் மழைக்கான மெல்லிய கறுப்புப் பிளாஸ்டிக் தாளைச் சூட்டு இயந்திரத்தால் ஒட்டி விரித்தோம். கெட்டியான தாள் பிறகுதான். உள்ளே இருக்கிற நீர் பிழிந்து, சேறு அமர, சில ஆண்டுகள் ஆகுமாம். அமர்கிற இடத்திலெல்லாம் மணல் சேர்த்துக்கொண்டே இருக்கவேண்டுமாம். "இந்த ஒரு மழைய மட்டும் தாண்டட்டும்" என்றார் செல்வின். நான் கிளம்பவேண்டிய நாளும் நெருங்கியிருந்தது.

மழை ஒரு விடியற்காலையில் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது செல்வினும் சூசையண்ணனும் கரைமேல் நனைந்துகொண்டு நின்றார்கள். கறுப்புத் தாளின்மேல் மழை கொட்டி, வெள்ளி வெள்ளியாக ஓடி, மேற்கே ஆலைப் பக்கத்து வாய்க்காலில் விழுந்தது. குளம் முழுக்க ஓசை. எங்கும் ஒரு துளி சேறு இல்லை. அன்று கல்லை விழுங்கிய இடத்துக்கு மேல் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது.

எல்லோரும் கிழக்குப் பக்கம் கீழே பார்த்தார்கள். பேச்சியக்கா சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, போன வருடம் கருநீர் இறங்கிய அதே இடத்தில், கரையின் காலடியில் குந்தியிருந்தார். கரைச் சரிவில் வடிந்த நீரை உள்ளங்கையில் ஏந்திக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கொட்டினார். மறுபடி ஏந்தினார். இன்னொரு இடத்துக்கு நகர்ந்து அங்கேயும் ஏந்தினார். நான் இறங்கிப் போனேன். அவர் கையை என் பக்கம் நீட்டினார். நீருக்கு அடியில் அவருடைய கைரேகைகள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

கையை உதறிவிட்டு, மடியில் பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிவைத்திருந்த போனை எடுத்தார். பையோடு சேர்த்தே காதில் வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நான் பேச்சி. லாரிக்கு நீங்க வேற இடம் பாத்துக்கிடுங்க." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். அவர் தலையை நிமிர்த்திக் கரையைப் பார்த்தார், பிறகு மேகத்தைப் பார்த்தார்.

"ஆமா, இங்கன நல்ல மழைதான். பெய்யட்டும்."